கோட்லினின் ‘பை லேசி’: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

கடைகளுக்குப் பால் பாக்கெட் போடும் வண்டிக்காரர்கள் பில் போடுவதற்கான ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை ஏழு வருடமாகப் பராமரித்து வருகிறேன். அந்த ஆப்பை இன்றைக்கு மனிதர்கள் பொறுமையோடு பயன்படுத்த முடிகிறதென்றால், கோட்லின் என்ற நிரலாக்க மொழியில் இருக்கும் ‘பை லேசி’ (by lazy) என்ற சின்ன வசதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒன்றை உருவாக்குவதை, அது தேவைப்படும்வரை தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. மிக்சிக்கும் ஹெட்போனுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம். தினமும் கை படுகிற இதற்கும் ஒன்று எழுதலாம் என்று தோன்றியது.

வண்டிக்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் 2 ஜிபி ராம் போன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு முதல் கடை வாசலில் ஐகானை அழுத்தினால், நான்கு வினாடிக்கு மேல் வெள்ளைத் திரைதான் தெரியும். ஆப்களின் செயல்பாட்டை அளக்கும் கூகுளின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் கணக்கில், கோல்டு ஸ்டார்ட் (முழுக்க மூடிய நிலையிலிருந்து ஆப் திறக்கும் நேரம்) 5 வினாடியைத் தொட்டால்தான் மோசம் என்று குறி விழும். அந்தக் கணக்கில் நாங்கள் தப்பித்துக்கொண்டிருந்தோம். ஆனால் ராம் குறைவான போனில் நடுவே ஒரு அழைப்பு வந்தாலே சிஸ்டம் ஆப்பை மூடிவிடும். அப்புறம் அடுத்த கடையில் மறுபடி நான்கு வினாடி. கையில் டிரேயோடு நிற்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்பதை ஒருநாள் அவர்களோடு வண்டியில் போன பிறகுதான் உணர்ந்தேன்.

காரணம் எங்கள் கோடில்தான் இருந்தது. ஆப் தொடங்கி அதன் அப்ளிகேஷன் கிளாஸ் உருவாகும்போதே 11 ஆப்ஜெக்ட்களை (ஒவ்வொன்றும் ஒரு வேலையைக் கவனிக்கும் கோடின் பகுதி) வரிசையாக உருவாக்கிக்கொண்டிருந்தோம்: டேட்டாபேஸ், கடைப் பட்டியல், விலைப் பட்டியல், ப்ளூடூத் பிரின்டர், பிடிஎஃப் தயாரிப்பு, மாத அறிக்கை, மேப் என்று. காலை வேளையில் முதல் கடைக்குத் தேவை முதல் மூன்றும்தான். மாத அறிக்கையை மாதக் கடைசியில் மட்டுமே திறப்பார்கள். அதற்கும் தினமும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாற்றம் ரொம்ப எளிது. சமக்குறி இருந்த இடத்தில் ‘பை லேசி’ என்று போட்டு, வலப்பக்கத்தில் இருப்பதைக் கர்லி பிராக்கெட்டுக்குள் வைத்தால் போதும். அந்தப் பெயரை யாராவது முதல்முறை தொடும்போதுதான் ஆப்ஜெக்ட் உருவாகும். இரண்டாம் முறை தொட்டால் அதே ஆப்ஜெக்ட் வரும். எட்டு வரிகளை மாற்றினேன். அதே போனில் 4.2 வினாடி 1.7 ஆனது.

ஜாவாவில் இதையே கையால் எழுதியவர்களுக்குத்தான் இதன் அருமை முழுதாகப் புரியும். நல் (காலி) ஆக இருக்கிறதா என்று பார், ஒரே நேரத்தில் ஓடும் வேறு த்ரெட் (வேலை ஓட்டம்) நுழையாதபடி பூட்டு, மறுபடி பார், உருவாக்கு. டபுள் செக்டு லாக்கிங் என்று பெயர். ஆப்ஜெக்ட்டை வைக்கும் ஃபீல்டுக்கு வாலடைல் என்ற குறிச்சொல்லைப் போட மறந்தால், பாதி கட்டிய ஆப்ஜெக்ட் இன்னொரு த்ரெட்டின் கண்ணில் படலாம். 2004-ல் வந்த ஜாவா 5-க்கு முன்னால் வாலடைல் போட்டாலும் நம்ப முடியாது. கோட்லினின் லேசி உள்ளே செய்வதும் இதே டபுள் செக்தான், ஆனால் சரியாக. கூடவே, வேலை முடிந்ததும் கர்லி பிராக்கெட்டுக்குள் கொடுத்த அந்த லாம்டாவையும் கைவிட்டுவிடுகிறது. அது பிடித்துவைத்திருந்தவை தேவையில்லாமல் மெமரியில் தங்குவதில்லை. இந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிடித்த இன்னொன்று, தோல்வியை அது கையாளும் விதம். உருவாக்கும்போது எக்செப்ஷன் (பிழை) வந்தால் லேசி அதை நினைவில் வைப்பதில்லை. அடுத்தமுறை தொட்டால் மறுபடி முயல்கிறது. போனில் ப்ளூடூத்தை ஆன் செய்யாமல் பிரின்ட் அழுத்துகிறார், பிழைச் செய்தி வருகிறது, ஆன் செய்துவிட்டு மறுபடி அழுத்துகிறார், பில் வந்துவிடுகிறது. சி ஷார்ப் மொழியின் லேசியில், உருவாக்கும் ஃபங்ஷனைக் கொடுத்து மற்றதை அப்படியே விட்டால், முதல்முறை வந்த எக்செப்ஷனே ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். எங்கள் வேலைக்கு கோட்லின் செய்வதுதான் சரி.

இனி குறைகள். தள்ளிப்போட்ட நேரம் எங்கேயும் காணாமல் போவதில்லை. ஆப் வேகமாகத் திறந்த சந்தோஷத்தில் இருந்தபோது, நாளின் முதல் பில்லை அழுத்தினால் திரை உறைகிறது என்று அழைப்பு வந்தது. பிடிஎஃப் ஆப்ஜெக்ட் தமிழ் ஃபான்ட்டை ஏற்ற 900 மில்லி வினாடி எடுத்துக்கொண்டது, அதுவும் திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16 மில்லி வினாடிதான். சரி, முதல் திரை வந்தவுடன் பின்னணி த்ரெட்டில் அதை ஒருமுறை தொட்டுவிடலாம் என்று செய்தேன். அதிலும் ஒரு சிக்கல். லேசி எதுவும் சொல்லாவிட்டால் சிங்க்ரனைஸ்டு முறையில் ஓடும். ஒரு த்ரெட் உருவாக்கும்போது மற்றவை பூட்டுக்கு வெளியே காத்திருக்கும். அவசரக்காரர் ஒருவர் அந்த இடைவெளியில் பில்லை அழுத்தினால் மெயின் த்ரெட் அங்கேயே நிற்கும். கடைசியில், பிடிஎஃப் தயாராகும்வரை பில் பட்டனில் சின்னச் சுழலும் குறி வைத்தோம்.

இன்னொரு இடத்தில் தப்பு முழுக்க என்னுடையது. ஃபிராக்மென்ட்டில் (ஆப்பின் ஒரு திரைப் பகுதி) வியூ பைண்டிங்கை, அதாவது திரையில் தெரியும் வியூவைக் கோடோடு இணைப்பதை, பை லேசியில் வைத்தேன். அடுத்த திரைக்குப் போய்த் திரும்பினால் கடைப் பட்டியல் காலி. ஃபிராக்மென்ட் உயிரோடு இருக்கும்போதே அதன் வியூ அழிந்து புதிதாகப் பிறக்கிறது. லேசியோ பழைய வியூவையே பிடித்துக்கொண்டிருந்தது. நான் நிரப்பிய பட்டியல் கண்ணுக்குத் தெரியாத பழைய வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் தேடி, மெமரி கசிவைக் கண்டுபிடிக்கும் லீக்கேனரி என்ற கருவி காட்டிக்கொடுத்த பிறகுதான் பிடிபட்டது. ஆப்ஜெக்ட்டின் ஆயுளும் அதை வைத்திருப்பதன் ஆயுளும் ஒன்றாக இல்லாத இடத்தில் லேசி வேண்டவே வேண்டாம்.

டேட்டாபேஸையும் விலைப் பட்டியலையும் நான் தள்ளிப்போடுவதே இல்லை. அவற்றில் கோளாறு இருந்தால் ஆப் திறக்கும்போதே தெரிய வேண்டும், பதினேழாவது கடையில் அல்ல.

5-க்கு 4 கொடுக்கிறேன். ஒன்று குறைவதற்குக் காரணம், ஒருமுறை உருவானதைக் காலிசெய்து மறுபடி தொடங்க இதில் வழி இல்லை. பிரின்டரில் சார்ஜ் தீர்ந்து பக்கத்து வண்டிக்காரரிடம் இரவல் வாங்குவது எங்களிடம் வாரம் இருமுறையாவது நடக்கும். லேசி பழைய பிரின்டரையே தேடும். அதற்காக மட்டும் இருபது வரியில் ஒரு சின்ன கிளாஸை நானே எழுதி வைத்திருக்கிறேன்.