நனைத்து நிறுத்திய குதிரை: பந்தயக் குதிரையைத் ‘தத்தெடுக்க’ நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு குதிரையை, பதினைந்து வயது மகள் சவாரி பழகுவதற்காக 2024 டிசம்பரில் வாங்கினேன். அதன் வயது, உடல்நிலை, தாள்கள் ஆகிய மூன்றிலும் ஏமாற்றப்பட்டேன். என்னுடைய கோரிக்கை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நிலுவையில் இருப்பதால், தந்தவரின் பெயரையும் அவருடைய லாயத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட வழிமுறையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சவாரி பழகும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு அதே ஆள் அதே விளம்பரத்தை இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் 1843 முதல் நடந்துவந்த குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சித் திடலில் ஓடிய கடைசிப் பந்தயத்தோடு முடிவுக்கு வந்தது. 1864-இல் தொடங்கப்பட்ட நம்முடைய பினாங்குப் பந்தயக் கழகமும் 2025-இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. திடல்கள் மூடப்பட்டால் குதிரைகள் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பொறுப்புள்ள உரிமையாளர்களும் பயிற்சியாளர்களும் தங்கள் குதிரைகளுக்கு நல்ல சவாரிப் பள்ளிகளைத் தேடிக் கொடுத்ததை நான் நேரில் அறிவேன். அவர்கள்மீதோ கழகங்கள்மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. இடையில் புகுந்து, பிறருடைய இரக்கத்தைக் காசாக்கும் ஆட்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் ‘விற்பனை’ என்ற சொல்லே இல்லை. சிங்கப்பூர் மூடப்பட்டதால் வீடிழந்த ஆறு வயதுத் தாரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்), காயடிக்கப்பட்டது, சாது, ஆறு வாரம் சவாரிக்கு மறுபயிற்சி பெற்றது, தத்தெடுப்பு நன்கொடை 7,000 ரிங்கிட் என்று இருந்தது. தொலைபேசியில் பேசியபோது, “அக்கா, இது விக்கிறது இல்ல, ஒரு உயிருக்கு வீடு தேடிக் குடுக்கிறோம்” என்றார். அந்தச் சொல் என் மனத்தைத் தொட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலை என்றால் பேரம் பேசியிருப்பேன், பொருளைப் புரட்டிப் பார்த்திருப்பேன். நன்கொடை என்றதும் கேள்வி கேட்பதே அநாகரிகம் என்பதுபோல் ஆகிவிட்டது. நான் கணக்காய்வு செய்து பிழைப்பவள். ஊரார் தாள்களையெல்லாம் வரிவரியாகப் படிக்கிறவள், ஒரு குதிரையின் தாளைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

குதிரையைப் பார்க்க ரவாங் பக்கம் இருந்த ஒரு லாயத்துக்கு வரச் சொன்னார்கள். காலை ஆறரை மணிக்கே வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஆள் இருக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னதால், பினாங்கிலிருந்து நடுநிசியில் புறப்பட்டு நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் சிறு வெள்ளைப் பொட்டு. உடல் முழுவதும் நனைந்து நீர் சொட்ட நின்றது. இப்போதுதான் ஓடி முடித்தது, வியர்வை போகக் குளிப்பாட்டினோம் என்றார்கள். மகளை ஏற்றி மெதுவாக நான்கு சுற்று நடக்கவிட்டார்கள். பிறகு மறுபடியும் குழாயைத் திறந்து நனைத்தார்கள். நான் அங்கிருந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் குதிரையின் மேல்தோலை உலர்ந்த நிலையில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. குதிரையை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று வியந்தபடி திரும்பினேன்.

முன்னங்கால்கள் இரண்டிலும் துணிக்கட்டு இருந்தது. பாதுகாப்புக்காக என்றார்கள், நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை. தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி, ஆணுறுப்பு வெளியே தொங்கியபடி நின்றதைச் சாதுவான குணம் என்று எடுத்துக்கொண்டேன். ஏசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆண்குதிரை அப்படித்தான் நிற்கும் என்பதைப் பிற்பாடு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைய ரத்தம் எடுத்து வைக்கப்படாததால், மருந்து கொடுத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது; கண்ட காட்சியை மட்டுமே சொல்ல முடியும்.

பணம் மூன்று தவணையாகப் போனது. 7,000 ரிங்கிட் நன்கொடை, லோரிக்கு 1,800, ‘தாள் மாற்றும் செலவு’ என்று 600. டிசம்பர் நடுவில் ஒரு விடியற்காலையில் குதிரை பாலிக் புலாவ் பக்கம் நாங்கள் இடம் பிடித்திருந்த லாயத்துக்கு வந்து இறங்கியது. முதல் மூன்று நாள் நன்றாக நடந்தது. நான்காம் நாள் இடது முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாண் வில்போல் புடைத்திருந்தது. பழைய காயம், புதியதன்று. வலியையும் வீக்கத்தையும் மறைக்கும் ஃபினைல்பியூட்டசோன் சில நாள்களில் உடலிலிருந்து இறங்கிவிடும் என்பதால், வாங்குபவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் குதிரை நொண்டத் தொடங்கும் என்று மருத்துவர் விளக்கினார். குதிரையைத் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, பயணக் களைப்பு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்ததில் நொண்டுவது ஓரளவு குறையவும் செய்தது. காயம்பட்ட காலோடு வாழும் பந்தயக் குதிரைகள் எத்தனையோ உண்டு. அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மெதுநடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பேன்.

உண்மையான கேடு ஜனவரியில் வெளிப்பட்டது. பினாங்கில் டிசம்பர் வரை மழையும் மேகமுமாக இருந்துவிட்டு, ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுத்து வெயில் கொளுத்தும். அப்படிப்பட்ட ஒரு காலை பத்து மணிக்குப் பயிற்றுநர் குதிரையை நீள்கயிற்றில் பத்து நிமிடம் வட்டமாக நடக்கவிட்டார். மூக்கு விரிந்து நாயைப்போல் இரைக்கத் தொடங்கியது. ஓய்வில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை மூச்சுவிட வேண்டிய விலங்கு எண்பதைத் தாண்டியது. உடல் வெப்பம் 40.8 பாகை செல்சியஸ். ஆனால் சேணத்தின் அடியிலும் கழுத்திலும் கை வைத்தால் ஒரு துளி ஈரமில்லை. சுட்ட ஓட்டைத் தொட்டதுபோல் இருந்தது. நிழலில் கட்டி, குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்து, மின்விசிறி இரண்டை வைத்தும், வெப்பம் இறங்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது.

லாயங்களில் இதற்கு ‘டிரை கோட்’ என்று பெயர். வியர்வைச் சுரப்பிகள் வேலைநிறுத்தம் செய்துவிடும் நோய். குதிரையும் மனிதனைப்போல் வியர்த்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் ஓயாமல் இருக்கும் நம் மலேசியா போன்ற இடங்களில், குளிர்ந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குதிரைகள் மட்டுமல்லாமல் இங்கேயே பல ஆண்டு இருந்தவைகூட ஒரு கட்டத்தில் வியர்ப்பதை நிறுத்திவிடக்கூடும். உறுதியான மருந்து கிடையாது. குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுவதுதான் நம்பகமான வழி. மருத்துவர் கழுத்துத் தோலில் வரிசையாகச் சில இடங்களில் சால்பியூட்டமால் மருந்தை வெவ்வேறு செறிவில் ஊசியால் ஏற்றிப் பார்த்தார். நல்ல குதிரைக்கு மிக மெல்லிய கரைசல் இட்ட இடத்திலும் வியர்வை பொட்டுப் பொட்டாக எழும்ப வேண்டும். எங்கள் குதிரைக்கு மிகச் செறிவான இடத்தில் மட்டும் நாலைந்து துளி அரும்பியது. நெற்றியில் முடி உதிர்ந்து தோல் செதில் செதிலாக இருந்ததை நாங்கள் பூஞ்சை என்று நினைத்திருந்தோம். அதுவும் இந்த நோயின் அடையாளம்தான்.

அப்போதுதான் அந்த நனைந்த குதிரையின் பொருள் எனக்கு விளங்கியது. எங்கள் உறவில் ஒரு தாத்தா, இளமையில் பினாங்கின் ‘பத்து காந்தோங்’ பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்தவர், நடந்ததைக் கேட்டுவிட்டு, “பகல்ல ஏம்மா போகல? வெயில்ல அரைமணி நேரம் நிக்க வெச்சிருந்தா அதுவே சொல்லியிருக்குமே” என்றார். நனைத்து வைத்தால் வியர்த்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, விடியற்காலையில் காட்டினால் இரைக்கவும் செய்யாது. அந்தக் காலத்திலேயே இருந்த பழைய தந்திரம் இது என்றார். வியர்க்காத குதிரைக்கு அந்தக் கால சைஸ்கள் தினம் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் ஊற்றுவார்களாம். மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி.

தாள் விவகாரம் இதைவிடச் சுருக்கமானது. மருத்துவர் இடது கழுத்தில் கருவியை வைத்து மைக்ரோசிப்பைப் படித்தபோது வந்த பதினைந்து இலக்க எண், என்னிடம் இருந்த தாளில், அதாவது குதிரையின் கடவுச்சீட்டில், அச்சாகியிருந்த எண்ணோடு பொருந்தவில்லை. வலது தோளில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சூட்டுக்குறி எண்கள் இருந்தன. லாயத்து எண் என்று நான் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் பிறந்த தாரோபிரெட்டுகளுக்குப் பெரும்பாலும் மேலே இருப்பது அந்தப் பண்ணையில் அந்த ஆண்டு பிறந்த குட்டியின் வரிசை எண், கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். கடவுச்சீட்டு 2018 என்றது. அப்படியானால் கீழே 8 இருக்க வேண்டும். இருந்தது 4. ஆறு வயது என்று வாங்கிய குதிரைக்குப் பத்து வயது. தாள் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு செம்பழுப்புக் குதிரையின் தாள்.

ஆறு வார மறுபயிற்சி என்பதும் வெறும் பேச்சு. பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் ‘இன்னும் வேகமாக ஓடு’ என்றுதான் பொருள்; அதை மறக்கடித்து, காலின் அழுத்தத்துக்குத் திரும்பவும், ஏறும்போது அசையாமல் நிற்கவும் பழக்குவதற்கு மாதக்கணக்கில் பிடிக்கும். அதற்கு முன்பே சில மாதம் எந்த வேலையும் தராமல் மேயவிட வேண்டும் என்பார் எங்கள் பயிற்றுநர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நன்கொடையைத் திருப்பித் தருவது வழக்கமில்லை, வேண்டுமானால் உங்கள் செலவில் குதிரையை அனுப்பிவிடுங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினால் இன்னொருவர் வாசலில் அதே குதிரை நனைந்து நிற்கும் என்பதால் அனுப்பவில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்தேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே வைக்கலாம். குதிரைக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் ‘பொருள்’ என்பதன் விளக்கத்தில் விலங்குகளும் அடங்கும். இது விற்பனையே அல்ல, தத்து என்பதுதான் குதிரையைத் தந்தவருடைய எதிர்வாதம். நல்ல காலமாக, நான் ஆயிரம் ரிங்கிட் குறைக்கக் கேட்ட அன்று, “விலை 7,000, அதுக்குக் கீழ முடியாது அக்கா” என்று அவர் எழுதிய செய்தி என் கைப்பேசியில் அழியாமல் இருக்கிறது. செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

மறுபடியும் ஒரு குதிரையைப் பார்க்கப் போனால், பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போவேன். உலர்ந்த உடம்போடு வெயிலில் கால்மணி நேரம் ஓடவிடச் சொல்லி, சேணத்தின் அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். விற்பவருக்குத் தொடர்பில்லாத மருத்துவரை அழைத்துப் போய், சிப்பைப் படிக்கச் செய்து, கால்கட்டை அவிழ்த்துத் தசைநாணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்து, ஒரு குப்பி ரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்வேன். இதற்கு எனக்கு அப்போது கேட்கப்பட்ட கட்டணம் 900 ரிங்கிட். அது அதிகம் என்று விட்டுவிட்டேன்; இப்போது லாய வாடகையாக மட்டும் மாதம் 1,400 கட்டுகிறேன். சவாரிக்கு ஆகாத குதிரை பகலில் மின்விசிறிக்கு அடியிலும் இரவில் புல்வெளியிலுமாக இருக்கிறது. மகள் விடியுமுன் போய் அதைக் கயிற்றில் பிடித்து நடத்திவிட்டு வருகிறாள்.

சென்ற வாரம் அந்த விளம்பரம் என் தோழி ஒருத்திக்கு வந்திருக்கிறது. பெயர் வேறு, நன்கொடை 8,500 ஆகியிருக்கிறது, படத்தில் இருப்பது வேறு குதிரை. ஆனால் அதோடு அனுப்பப்பட்டிருக்கும் கடவுச்சீட்டுப் பக்கம், 2018 என்ற பிறந்த ஆண்டு உட்பட, என்னிடம் இருக்கும் அதே பக்கம். உங்களுக்கும் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் வலது தோளின் படத்தைக் கேளுங்கள். உலர்ந்த தோளின் படத்தை.