செடித் தொட்டியில் பாசி: நத்தையா, இறாலா, மருந்தா, கையா?

"பாசி தின்னும்" என்று சொல்லி விற்கப்படுபவற்றில் செடித் தொட்டிக்கு, அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு, பொருந்துபவை முக்கியமாக நான்கு: நெரைட் நத்தை, அமானோ இறால், ஓட்டோசிங்க்ளஸ் மீன், சயாமீஸ் ஆல்கே ஈட்டர் மீன். நான்கும் தின்பது ஒரே பாசியை அல்ல. வாங்கும் முன் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடியில் நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சைப் புள்ளியா? தொட்டால் கலையும் பழுப்புப் படலமா? இலை நுனியில் தொங்கும் நூலா? இலை ஓரத்திலும் மரக்கட்டையிலும் முளைத்த கறுப்புத் தாடியா? வழுவழுப்பான நீலப்பச்சைப் போர்வையா?

பச்சைப் புள்ளிக்கு நெரைட் நத்தைக்கு இணை எதுவும் இல்லை. அதன் சொரசொரப்பான நாக்கு, மீன்களால் முடியாத அந்தக் கெட்டிப் புள்ளிகளையும் தேய்த்து எடுத்துவிடும். 40 லிட்டருக்கு இரண்டு போதும். நல்ல தண்ணீரில் பெருகாது என்பது பெரிய வசதி. ஆனால் முட்டை இடும். எள் அளவு வெள்ளை முட்டைகள் கல்லிலும் கட்டையிலும் இறுக ஒட்டிக்கொள்ளும், பொரிக்காது, எளிதில் போகவும் போகாது. கறுப்புக் கல் அடுக்கிய தொட்டியில் இது கண்ணை உறுத்தும். இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. செடிக்கென்று விற்கும் அக்வாசாயில் என்ற தொட்டி மண், தண்ணீரை மென்மையாக்கி, அமில-கார அளவான pH-ஐ 7-க்குக் கீழே இறக்கும், அதோடு செடிக்காகக் கார்பன் டைஆக்சைடும் விட்டால் இன்னும் இறங்கும். அந்தத் தண்ணீரில் நத்தையின் ஓடு நாளடைவில் வெளுத்துக் குழி விழும். எனவே மென்மையான தண்ணீர்த் தொட்டிக்கு நெரைட் வேண்டாம், கண்ணாடியை நாமே சுரண்டிக்கொள்ளலாம்.

நூல் பாசிக்கு அமானோ இறால். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ 1980-களில் தன் செடித் தொட்டிகளில் பயன்படுத்தி இதைப் பிரபலமாக்கியதால்தான் இந்தப் பெயர். 5 செ.மீ. வரை வளரும். சின்ன செர்ரி இறாலைவிடப் பல மடங்கு வேலை செய்யும். 40 லிட்டருக்கு நான்கைந்து விடலாம். இதன் குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டுத் தொட்டியில் எண்ணிக்கை கூடாது. இது பாசியைத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் நாம் போடும் தீவனம்தான்: வயிறு நிறைந்த இறால் நூல் பாசியைத் தேடிப் போகாது. மீன் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் இறால் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது, இறால் செத்துவிடும்.

பழுப்புப் படலத்துக்கு ஓட்டோசிங்க்ளஸ் நன்றாக வேலை செய்யும், ஆனால் அவசரப்பட்டு வாங்கக் கூடாத மீன் இது. பழுப்புப் படலம் வருவது பெரும்பாலும் புதுத் தொட்டியில்தான், சில வாரங்களில் தானாகவே மறையும். அதற்காக வாங்கிவிட்ட ஓட்டோ, படலம் மறைந்ததும் பட்டினி கிடக்கும். சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை, வரும் வழியிலேயே வயிறு ஒட்டிப்போயிருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள்: உள்வாங்கியிருந்தால் வாங்க வேண்டாம், உருண்டிருந்தால் வாங்கலாம். தொட்டி ஓடி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆறு மீனாவது கூட்டமாக இருக்க வேண்டும். பாசி தீர்ந்தபின் லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டு தர வேண்டும்.

கறுப்புத் தாடியைத் தின்பதில் பேர் பெற்றது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். சிறு வயதில் உண்மையிலேயே தின்னும். வளர்ந்தபின் தீவனத்தைத்தான் விரும்பும், 12 செ.மீ. தாண்டும், சிறிய தொட்டியில் அடங்காது. இதன் பெயரில் வேறு மீன்களும் கைமாறுகின்றன. அசலில் உடலின் கறுப்புக் கோடு நிற்காமல் வால் துடுப்பின் கடைசிவரை ஓடும், மற்றத் துடுப்புகள் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். கோடு வாலுக்கு முன்பே நின்றாலோ, துடுப்பில் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தாலோ அது வேறு மீன். 100 லிட்டருக்குக் கீழே உள்ள தொட்டிக்கு இதைவிட மருந்தே மேல்.

மருந்தில் போட்டி இரண்டுக்கு இடையில்: ஹைட்ரஜன் பெராக்சைடு, திரவ கார்பன். இதில் பெராக்சைடுக்கே முதலிடம். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடும், எதுவும் மிஞ்சாது. 3 சதவீதக் கரைசல் 40 லிட்டருக்கு ஒரு நாளில் 10 மி.லி.க்கு மேல் வேண்டாம். புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியபின் ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்துத் தாடியின் மேலேயே மெல்லப் பீய்ச்ச வேண்டும். உடனே நுண் குமிழ்கள் கிளம்பும். 15 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள், மறக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுக்கும். அந்த நிலையில் அமானோ இறாலே அதை விரும்பித் தின்னும். மருந்து பீய்ச்சும்போது மட்டும் இறால் அந்தப் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ் போன்ற மெல்லிய செடிகளின் மேல் படவும் விடாதீர்கள்.

திரவ கார்பனின் உள்ளிருப்பது பெரும்பாலும் குளுடரால்டிஹைடு, மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பொருள். பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வாலிஸ்னேரியா, ரிச்சியா, மாஸ் வகைகள் இதில் கரைந்துபோகும். அளவு கூடினால் இறாலும் மீனும் போகும். தோலிலும் மூச்சிலும் படக் கூடாது. இந்தச் செடிகள் இல்லாத தொட்டியில், லேபிள் அளவைத் தாண்டாமல் மட்டும் பயன்படுத்தலாம்.

இனி கை வேலை. உயிரினம், மருந்து இரண்டாலும் ஈடுகட்ட முடியாதது இதுதான், ஏனென்றால் நத்தை தின்ற பாசியும் கழிவாகத் தொட்டிக்குள்ளேயே விழுகிறது. அதை வெளியேற்றுவது வாரம் ஒருமுறை 30 முதல் 50 சதவீதம் தண்ணீர் மாற்றுவதுதான். தண்ணீரையும் கழிவையும் உறிஞ்சும் சைஃபன் குழாயைச் சரளைக்குள் குத்துவது செடியில்லாத தொட்டிக்குச் சரி. செடித் தொட்டியில் வேர் அறும், அக்வாசாயில் கலங்கும். தரைக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே பிடித்துக் கழிவை மட்டும் இழுங்கள். நூல் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுக்கலாம். தாடி பிடித்த பழைய இலையைக் காம்போடு வெட்டி எறிவதே மேல், அது இனி தேறாது. ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதிலுள்ள பயனுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

நீலப்பச்சைப் போர்வைக்கு மேலே சொன்ன உயிரினம் எதுவும் உதவாது. அது பாசியே அல்ல, பாக்டீரியா. முதலில் சைஃபனில் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியைக் கெட்டியான துணியால் மூடி நான்கு நாள் ஒளி படாமல் வையுங்கள். அந்த நாட்களில் தீவனமும் கார்பன் டைஆக்சைடும் வேண்டாம். அழுகும் போர்வை ஆக்சிஜனை உறிஞ்சும் என்பதால் காற்றுக் குமிழ் விடும் காற்றுக்கல் இரவுபகலாக ஓடட்டும். திறந்ததும் மீண்டும் பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கு எரியும் நேரத்தை நாளுக்கு 6 மணி நேரம் என்று தொடங்குங்கள்.