ஹாப்ஸை எப்போது போடுவது: கொதியிலா, இறக்கிய பிறகா, நொதித்த பிறகா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது கடல் தாண்டி இருப்பார். போன இடத்தில் பியர் காய்ச்சப் பழகியவர்களும் எங்கள் சொந்தத்தில் சிலர் உண்டு. கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து, பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்தால், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை எப்போது போடுவது என்ற இந்தச் சண்டை கட்டாயம் வரும். மெல்போர்ன் அத்தான், "கொதியில போடுற ஹாப்ஸெல்லாம் ஆவியாப் போற காசு, கடைசியில போடு" என்பார். ஜெர்மனியில் நெடுநாள் வேலை பார்த்த அம்மானுக்கு அது ஆகாது. "கசப்பு நிக்காத பியரு சர்பத்துப்பா. ஒரு மணி நேரம் கொதிக்க விடு." நான் சிங்கப்பூரில் காய்ச்சுபவன், இரண்டு கட்சியிலும் சேராதவன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே கீழே வரும் காய்ச்சல் எல்லாம் அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு. காரைக்குடியிலேயே செய்து பார்க்கக்கூடிய, சாராயம் கலக்காத வழி ஒன்றும் உண்டு. பின்னால் வருகிறேன்.

இருவர் வாதத்திலும் பாதி உண்மை இருப்பதற்குக் காரணம், ஹாப்ஸ் பூவுக்குள் இருப்பது இரண்டு வேறு வேறு சரக்கு. ஒன்று ஆல்ஃபா அமிலம். அது அப்படியே மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றில் சரியாகக் கரையாது. நன்றாகக் கொதித்தால்தான் வடிவம் மாறி, கரைந்து, கசப்பைக் கொடுக்கும். இன்னொன்று வாசனை எண்ணெய். மிர்சீன், ஹுமுலீன், கேரியோஃபிலீன், லினலூல், ஜெரானியால் என்று அதற்குள் ஒரு பட்டாளமே இருக்கிறது. கேரியோஃபிலீன் நம் மிளகிலும் கிராம்பிலும் இருப்பதுதான். லினலூல் கொத்தமல்லி விதையின் முக்கிய வாசனை. இவையெல்லாம் கொதிக்கும் சாற்றின் நீராவியோடு கிளம்பிப் போய்விடும். கசப்புக்கு வேண்டிய கொதிதான் வாசனைக்கு எமன். செட்டிநாட்டுக் கோழியில் பட்டையும் கல்பாசியும் முதலில் எண்ணெயில் விழுவதும், வறுத்துப் பொடித்த மிளகு இறக்கும்போது விழுவதும் போலத்தான் இதுவும். ஒரே நேரத்தில் ஒரே கையால் இரண்டையும் வாங்க முடியாது.

இனி ஒவ்வொரு நேரமாகப் பார்க்கலாம்.

அம்மான் கட்சி 60 நிமிடக் கொதி. கசப்புக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வீட்டில் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் நம்பும் டின்செத் கணக்குப்படி, 1.050 அடர்த்தி உள்ள சாற்றில் 60 நிமிடம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் கசப்பாக மாறும். 15 நிமிடம் என்றால் 11 சதவீதம். 5 நிமிடம் என்றால் 5 சதவீதம்கூட இல்லை. 20 லிட்டருக்கு, 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் மாதிரி ஹாப்ஸ் 20 கிராம் போட்டால் ஒரு மணி நேரத்தில் சுமார் 28 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கிடைக்கும். அதே 20 கிராமைக் கடைசி 5 நிமிடத்தில் போட்டால் ஐந்தரைதான். 90 நிமிடம் கொதித்தாலும் 25 சதவீதத்தைத் தொடாது. ஆகவே ஒரு மணிக்கு மேல் நீட்டுவது கேஸுக்குத்தான் செலவு. இந்த நேரத்தில் வாசனைக்குப் பேர்போன விலை உயர்ந்த சிட்ராவைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு மணி நேரம் கழித்து அதில் மாம்பழமும் இருக்காது, லிச்சியும் இருக்காது. கசப்புக்கு மலிவான, ஆல்ஃபா அதிகமான ரகம் போதும்.

அம்மான் சில சமயம், சாறு கொதிக்கும் முன்பே, வடிகட்டி இறங்கும்போதே அண்டாவில் ஹாப்ஸைப் போட்டுவிடுவார். ஜெர்மானியப் பழைய முறை. கசப்பு மழமழவென்று இருக்கும் என்பார். பில்ஸ்னர் வகைப் பியருக்கு நானும் அப்படிச் செய்கிறேன், மறுப்பில்லை.

30 முதல் 15 நிமிடம் வரையுள்ள நடு நேரம் பழைய செய்முறைக் குறிப்புகளில் "ருசிக்கு" என்று தவறாமல் வரும். எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. 30 நிமிடத்தில் 18 சதவீதம் போலக் கசப்பு இறங்கும், அதற்குள் எண்ணெயில் பெரும்பங்கு போயிருக்கும். அரைக் கசப்பு, கால் வாசனை. அந்த ஹாப்ஸை அடுப்பு அணையும் வரை கையில் வைத்திருங்கள்.

அடுப்பை அணைத்த பிறகு போடுவதுதான், என் கணக்கில், இந்த முழு விவகாரத்தின் மையம். ஆனால் இங்கேதான் நம்மைப் போன்ற வெக்கை ஊர்க்காரர்கள் ஏமாறுகிறோம். செய்முறை எழுதியவர் குளிர்நாட்டில் இருப்பார். அடுப்பை அணைத்து, குளிர்ந்த குழாய்த் தண்ணீரை, சாற்றில் அமிழ்த்திய உலோகச் சுருள் வழியாக விட்டால் அவர் சாறு சீக்கிரம் ஆறிவிடும். சிங்கப்பூரிலோ காரைக்குடியிலோ மே மாதக் குழாய்த் தண்ணீர் குளிப்பதற்கே சுடும், அது எங்கே சாற்றை ஆற்றுவது? சாறு 90 டிகிரிக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் கொதிக்காவிட்டாலும் ஆல்ஃபா அமிலம் மாறிக்கொண்டேதான் இருக்கும். வாசனைக்கென்று கடைசியில் போட்டது கசப்பாக வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் சாற்றைச் சூடாகவே கனமான பிளாஸ்டிக் கேனில் அடைத்து, தானாக ஆற விடும் பழக்கம் உண்டு. அத்தானும் அப்படித்தான் செய்கிறார். அப்படி ஆற விடுபவர்கள், கடைசி 10 நிமிடத்தில் போட்டது இன்னும் அதிக நேரம் கொதித்த மாதிரி கசக்கும் என்று கணக்குப் போட்டே ஹாப்ஸைக் குறைக்கிறார்கள்.

இதற்கு வழி, அணைத்தவுடன் போடாமல் 80 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருப்பது. அந்தச் சூட்டில் கசப்பாக மாறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும், எண்ணெய் மட்டும் கரையும். ஹாப்ஸைப் போட்டு, கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றிவிட்டு, மூடி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். மூடி முக்கியம். வாசனை அடுப்படியில் மணத்தால் அது அண்டாவில் இல்லை என்று அர்த்தம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கத் தயங்குகிறவர்கள் 100 கிராம் ஹாப்ஸுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை, அது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அத்தான் கட்சி ட்ரை ஹாப்: நொதித்து முடிந்த, அல்லது முடியப்போகும் பியரில் குளிர்ந்த நிலையில் ஹாப்ஸைப் போடுவது. புதுப் பூவின் மணம் இதில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை. முதலாவது அளவு. லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் வாசனை அதே விகிதத்தில் ஏறாது, தேயிலை, பச்சிலை வாடைதான் கூடும் என்று ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்து 2018இல் காட்டியிருக்கிறார்கள். அத்தான் பியர் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டாவது, நாள். வாரக்கணக்கில் ஊறப்போடத் தேவையில்லை. எண்ணெயில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். மூன்று நாள் தாராளம்.

ட்ரை ஹாப்பில் ஒரு அபாயமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாவுச் சர்க்கரையை உடைத்து மறுபடி தின்னக்கூடியதாக ஆக்கிவிடும். நொதித்து முடிந்தது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்தால், உள்ளே மறுபடி தொடங்கி, வாயு ஏறி, கண்ணாடி வெடிக்கும். நம் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஹாப்ஸ் போட்ட பிறகும் அடர்த்திமானியில் ஒரே எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடைக்க வேண்டும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று புகுந்து மணத்தைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நொதிப்பு மும்முரமாக இருக்கும்போதே போடுவது இன்னொரு கட்சி. ஈஸ்ட் ஜெரானியாலை சிட்ரோனெல்லாலாக மாற்றி, எலுமிச்சைச் சாயலைக் கொடுக்கும் என்பது நிஜம். ஆனால் பொங்கி வெளியேறும் வாயு கொஞ்சம் மணத்தையும் அள்ளிக்கொண்டு போகும். ஐபிஏ என்ற ஹாப்ஸ் தூக்கலான பியரைக் கலங்கலாகக் காய்ச்சுபவர்களுக்கு இது பொருந்தும், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

சரி, காரைக்குடியில் இருப்பவர்களுக்கு. ஈஸ்ட், மால்ட் எதுவும் இல்லாமல் தண்ணீரிலேயே இந்த வித்தியாசத்தை ருசித்துவிடலாம். வெளியூர்க்காரர் யாராவது ஒரு சிறு பொட்டலம் ஹாப்ஸ் கொண்டுவந்தால் போதும். ஹாப்ஸ் இந்தியாவில் வளராததும் அல்ல, இமாசலத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. மூன்று பாத்திரத்தில் தலா ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. புளிப்பு இல்லாவிட்டால் ஹாப்ஸிலிருந்து துவர்ப்பு முரட்டுத்தனமாக இறங்கும். மூன்றிலும் ஒரு கிராம் ஹாப்ஸ்: ஒன்றில் போட்டு ஒரு மணி நேரம் கொதி, தண்ணீர் சுண்டினால் ஊற்று. இன்னொன்றில் 80 டிகிரியில் போட்டு மூடி 20 நிமிடம். மூன்றாவதைக் கொதித்து ஆறவைத்த தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில். வடிகட்டி, குளிரவைத்து, வரிசையாகக் குடித்துப் பாருங்கள். எங்கள் அப்பத்தா முதல் டம்ளரை வாயில் வைத்துவிட்டு, "யாருக்குடா பேதி?" என்று கேட்டார்கள். இரண்டாவதை முழுசாகக் குடித்தார்கள். மூன்றாவதை மோந்து பார்த்து, "மணம் நல்லாத்தான் இருக்கு, நாக்குல ஒண்ணுமில்லையே" என்றார்கள்.

20 லிட்டர் பேல் ஏல் வகைப் பியருக்கு இப்போது நான் போடும் பங்கீடு இது: கசப்பு ஹாப்ஸ் 20 கிராம் 60 நிமிடத்துக்கு, நடுவில் எதுவும் கிடையாது, 80 டிகிரியில் வாசனை ஹாப்ஸ் 60 கிராம், கடைசியில் ட்ரை ஹாப் 60 கிராம், மூன்று நாள். கையில் வாசனை ஹாப்ஸ் குறைவாக இருந்தால் ட்ரை ஹாப்பைத்தான் வெட்டுவேன், 80 டிகிரிப் பங்கில் கை வைக்க மாட்டேன். அத்தான் தலைகீழாகச் செய்வார். ஒரு மாதம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்தால் முதலில் மங்குவது அவர் பாட்டில்தான் என்பதை மட்டும் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.