லிஸ்பனில் வாடகை வீடு தேடுவோர் கவனத்திற்கு: என் 3,300 யூரோ போன கதை

தொலைநிலைப் பணியாளர்களுக்கான விசாவைப் போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் அறிமுகப்படுத்தியதிலிருந்து, லிஸ்பனில் குறைந்த செலவில் வாழ்ந்துவிடலாம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதை நம்பித்தான் நானும் 2024 செப்டம்பரில் அங்கே போய் இறங்கினேன். அந்த விசாவுக்குக் காட்ட வேண்டிய மாத வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது அந்த ஆண்டில் 3,280 யூரோ. அவ்வளவு சம்பாதிப்பவருக்கு 1,100 யூரோ வாடகை சுமையாகாது என்று கணக்குப் போட்டேன்.

கிராசா பகுதியில், 28ஆம் எண் டிராம் போகும் தெருவை ஒட்டிய பழைய கட்டடம் அது. உள்ளூர்ப் பிணையாள் இல்லாத வெளிநாட்டவர் என்பதால் மூன்று மாத வாடகையைப் பிணைத்தொகையாகத் தர வேண்டும் என்றார் தரகர். 3,300 யூரோவை ரொக்கமாகக் கொடுத்தேன்; ரசீது கேட்டதற்கு, ஒப்பந்தமே போதும் என்றார். பிணைத்தொகையாக இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்குவதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் வாடகையில் அடக்கம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஆனால் நான் படிக்காமல் கையெழுத்திட்ட போர்த்துகீசிய ஒப்பந்தத்தில், மின்கட்டணம் 40 யூரோவைத் தாண்டினால் மிச்சத்தை வாடகைதாரரே செலுத்த வேண்டும் என்று இருந்தது. லிஸ்பனின் பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது, மழைக்காலம் முழுவதும் சுவர்கள் ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். டிசம்பரில் அலமாரியைத் திறந்தபோது சட்டைக் காலர்களில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் சுவரில் முழங்கை உயரத்திற்குக் கறுப்பு. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கி இரவு முழுவதும் ஓட்டினேன், காலையில் அதன் தொட்டி நிரம்பித் தண்ணீர் தளும்பும். ஜனவரி மின்கட்டணம் 168 யூரோ.

மார்ச் மாதம் வீட்டைக் காலி செய்தபோது, நான் சன்னல்களைத் திறந்து வைக்காததால்தான் பூஞ்சை பிடித்தது என்று சொல்லி, தரகர் பிணைத்தொகையில் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. முறையிடலாம் என்று விசாரித்த பிறகுதான், ஒப்பந்தம் வரித்துறையில் பதிவாகவே இல்லை என்றும், தரகருக்கு உரிமமும் இல்லை என்றும் தெரியவந்தது. பணம் கொடுத்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

தயவுசெய்து ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். அங்கே வீட்டுத் தரகு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஏ.எம்.ஐ. என்ற உரிம எண் இருக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். ஒப்பந்தம் வரித்துறையில் பதிவான அத்தாட்சியும் மாதந்தோறும் வாடகை ரசீதும் தர மறுப்பவரிடம் வீடு எடுக்க வேண்டாம். குடிபுகும் நாளிலேயே சுவர்களையெல்லாம் படம் எடுத்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அந்த வீடு இப்போது 1,250 யூரோவுக்கு மறுபடியும் விளம்பரத்தில் இருக்கிறது. கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள்.