தோட்டத்து அறைக்கு ஒரே நாளில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால்

காலை ஒன்பதரைக்கு வந்த பெயிண்டர் மத்தியானம் மூன்று மணிக்கு "முடிஞ்சுது சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டால், கையைப் பைக்குள் விடும் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை. போய்ப் பார்த்தேன், வெளிர் நீலத்தில் பளிச்சென்று இருந்தது, மொத்தக் கூலியையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் சுவர் உரிய ஆரம்பித்துவிட்டது.

இடம் ஒன்றும் பெரிதில்லை. தோட்டத்து மூலையில் பத்துக்கு எட்டு அடியில் செங்கல் சுவர் வைத்து, மேலே ஷீட் போட்ட அறை. மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், காலித் தொட்டி எல்லாம் கிடக்கிற இடம். உள்ளே என்றைக்கோ பச்சை கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தது. சாய்ந்து நின்றால் சட்டையில் ஒட்டும். பாதியை ஒழித்து ஒரு மேசை நாற்காலி போட்டால் உட்கார்ந்து படிக்கலாமே என்று ஆசை. சின்ன வேலைதானே என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. வீட்டுக் கூடமாக இருந்திருந்தால் நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றிருப்பேன். தோட்டத்து அறைக்கு யார் நிற்பார்கள்? அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

முதல் நாள் பார்க்க வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. நான்தான் மேற்குச் சுவரைக் காட்டினேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"அண்ணே, இந்த இடம் மட்டும் இப்படி இருக்கே?"

"அதெல்லாம் பட்டி வெச்சு அமுக்கிடலாம் சார். மேல ஒரு பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன். அஞ்சு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பாக்க வேணாம்."

பட்டி என்பது சுவரைச் சமப்படுத்தப் பூசுகிற வெள்ளை மாவு, பிரைமர் என்பது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கிற வெள்ளைப் பூச்சு, எமல்ஷன்தான் மேலே தெரிகிற பெயிண்ட். அமுக்கிடலாம் என்ற சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். உப்பு என்பது அழுக்கு இல்லை. சுவருக்குள் ஏறுகிற ஈரம், சிமெண்டிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மேலே தங்கிவிடும். ஈரம் வருகிற வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும், அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அவருக்கு அன்றைக்கே தெரியும்.

இப்போது நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்ட வேண்டும். பட்டி காய வேண்டும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் பிரைமர், அது காய நாலைந்து மணி நேரம். முதல் கோட் எமல்ஷன், மறுபடி நாலு மணி நேரம், அதற்குமேல் இரண்டாவது கோட். காற்று ஈரமாக இருந்தால் இன்னும் இழுக்கும். எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் இது ஐந்தரை மணி நேரத்தில் அடங்காது. டப்பாவின் பக்கவாட்டிலேயே காயும் நேரம் அச்சடித்திருக்கிறது. வாங்கி வந்தவன் நான், படிக்கவில்லை.

அளவிலும் ஏமாந்தேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் எமல்ஷன் 10 லிட்டர். நாலு சுவரும் சேர்ந்து, எட்டடி உயரத்துக்கு, 288 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் 260க்குள்தான். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு கோட்டுக்கு ஐந்து லிட்டர் சொச்சம் போதும். மீதி? "காலி டப்பாதானே சார், நானே எடுத்துட்டுப் போறேன்" என்று சாயங்காலம் வண்டியில் கட்டினார். குப்பையையும் அள்ளிக்கொண்டு போகிற நல்ல மனிதர் என்று நினைத்தேன். காலி டப்பாவை ஏன் இரண்டு கையாலும் தூக்குகிறார் என்று தோன்றவில்லை.

ஏழாவது வாரம் மேற்குச் சுவரில், அதே முழங்கால் உயரத்தில், நகம் அளவுக்கு ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன், உடைந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குத் துணி மாதிரி கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பச்சைத் தூள். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் நீலம், உடனே பச்சை. நடுவில் வெள்ளையாக ஒரு கோடுகூட இல்லை. பட்டியும் இல்லை, பிரைமரும் இல்லை. சுண்ணாம்புத் தூளின் மேலேயே தண்ணீராகக் கரைத்த எமல்ஷனை ரோலரால் உருட்டிவிட்டுப் போயிருக்கிறார். தூள் சுவரைப் பிடித்துக்கொள்ளாது, பெயிண்ட் தூளைத்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து விழுகின்றன.

சந்தேகம் வந்து இரும்பு ராக்கை இழுத்தேன். அதற்குப் பின்னால் பழைய பச்சை அப்படியே இருந்தது, ராக்கின் வடிவத்தில். நகர்த்தவே இல்லை, ஓரம் பார்த்துப் பிரஷ் ஓட்டியிருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, கோடு மட்டும் அத்தனை நேர்த்தி. மூலையில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தையும் கழுவாமலே மூடியிருந்தார். அது நீலத்துக்குள்ளிருந்து புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது.

போன் செய்தேன். "அது சுவரோட கோளாறு சார், பெயிண்டோட கோளாறு இல்ல" என்றார். எரிச்சல் என்னவென்றால், பாதி உண்மை அதில் இருந்தது. "அப்ப அமுக்கிடலாம்னு ஏண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன். வெளியே இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, முழுக் காசும் கொடுத்தாயிற்று, நான் எதைக் காட்டிச் சண்டை போடுவது?

பிறகு வேறொரு வயதான பெயிண்டரைக் கூட்டி வந்தேன். அவர் உள்ளே நுழையவே இல்லை, நேராக அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு மண் ஏறிக் கிடந்தது, அதன்மேல் என் செடிகள். தினமும் இரண்டு வேளை நானேதான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "உள்ள தரை இங்க இருக்கு, வெளிய மண்ணு இங்க இருக்கு. ஓதம் ஏறாம என்ன பண்ணும்?" என்று காலால் காட்டினார். முதலாமவர் இதற்கு இருபது அடி நடந்திருந்தால் போதும். சரி, நானும்தான் நடக்கவில்லை.

அவர் இன்னும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை. மண்ணை வெட்டி இறக்கச் சொன்னார், செடிகளை இடம் மாற்றினோம். உள்ளே சுண்ணாம்பைப் பூச்சு தெரிகிற வரை சுரண்டினார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளினார். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடுமாம். அப்புறம் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். ஒரு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வேர்த்தால் அது அறைக் காற்றில் இருக்கிற ஈரம் என்றார்.

கூலி கேட்டேன். "காயட்டும், பேசிக்கலாம்" என்றார்.

மூன்று சுவர் காய்ந்துவிட்டது. மேற்குச் சுவரில் மட்டும் இன்று காலை தாளைத் தூக்கிப் பார்த்தேன், உள்பக்கம் நாலைந்து துளி. திரும்பவும் டேப் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.