சிஎஸ்இ செம் நோட்ஸ் காம்போ 499 ரூபான்னு மெசேஜ் வருதா? காசு போடுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐடி, ஏஐடிஎஸ் (ஏஐ, டேட்டா சயின்ஸ்) படிக்கிறவங்க, முக்கியமா இப்ப ரெண்டாவது வருஷம் மூணாவது வருஷத்துல இருக்கிறவங்க, கொஞ்சம் நின்னு படிச்சிட்டு போங்க. செம் எக்ஸாம் நெருங்குனதும் டெலிகிராம்லயும் க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்லயும் ஒரு போஸ்டர் சுத்தும், "ரெகுலேஷன் 2021, நாலாவது அஞ்சாவது செம் ஆல் சப்ஜெக்ட் நோட்ஸ், டூ மார்க் வித் ஆன்சர், லேப் மேனுவல், வைவா, 100% கன்ஃபார்ம் கொஸ்டின்ஸ், வெறும் 499" அப்படின்னு. ரெகுலேஷன்னா யூனிவர்சிட்டி சிலபஸோட பதிப்பு, எந்த வருஷத்து சிலபஸ்னு அந்த நம்பர் சொல்லும். போன செம்ல எங்க ஹாஸ்டல் ரூம்ல எல்லாரும் பங்கு போட்டு வாங்குனோம். இப்ப வேற பேர்ல, வேற கலர்ல, அதே எழுத்துப்பிழையோட அதே போஸ்டர் எங்க ஜூனியர்ஸ் க்ரூப்ல வந்திருக்கு, அதான் இத எழுதுறேன். சேனல் பேர் போட்டு பிரயோஜனம் இல்ல, மாசத்துக்கு ஒரு பேர் வச்சுக்கிறாங்க.

மொதல்ல சாம்பிள் அனுப்புவாங்க. அது உண்மையிலேயே நல்லாருக்கும், அதுதான் பொறியே. எங்களுக்கு வந்தது டேட்டாபேஸ்ல ஈஆர் டயக்ராம் மூணு பக்கம், கையெழுத்து முத்து முத்தா, படம் எல்லாம் ஸ்கேல் வச்சு போட்டது. யாரோ ஒரு டாப்பர் அக்கா உக்காந்து எழுதுனதுன்னு பாத்தாலே தெரியும். பிடிச்சிருக்கா சிஸ்னு கேட்டுட்டு சேனல்காரன் ஒரு ஃபார்ம் லிங்க் குடுத்தான், அதுல பேர், போன் நம்பர், காலேஜ், டிபார்ட்மென்ட், ரெஜிஸ்டர் நம்பர், ஐடி கார்டு போட்டோ எல்லாம் கேட்டுச்சு. நோட்ஸ் விக்கிறவனுக்கு ரெஜிஸ்டர் நம்பர் எதுக்குன்னு கேட்டதுக்கு "உங்க ரெகுலேஷன் வெரிஃபை பண்ணத்தான் சிஸ், தப்பான மெட்டீரியல் போயிடக்கூடாதுல்ல" அப்படின்னான். எவ்ளோ அக்கறை பாருங்க. அதுக்கப்புறம் க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ணா சேனல் பேர் வராது, யாரோ ஒரு தனி ஆளோட பேர்தான் வரும். 499 போட்டாச்சு. டிரைவ் லிங்க் வந்துச்சு, உள்ள எல்லாம் ஜிப் ஃபைல், தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு "பிரீமியம் க்ரூப்"ல இருக்காம், அந்த க்ரூப்ல சேர இன்னொரு 299. போஸ்டர்ல இதப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. உள்ள போட்ட 499 வீணாப் போயிடக்கூடாதுன்னு யாரா இருந்தாலும் அந்த 299-ஐ போடுவாங்கன்னு அவனுக்கு நல்லாவே தெரியும்.

சரி காசு போனா போகுது, சரக்காவது இருந்துச்சான்னா அதுதான் பெரிய கொடுமை. எல்லாமே பழைய ரெகுலேஷன் 2017 நோட்ஸ். மொத பக்கத்துல இருக்கிற சப்ஜெக்ட் கோடு மேல வெள்ளை டப்பா ஒட்டி புது கோடு அடிச்சிருக்கான், அவ்ளோதான் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பழைய கோடு சிஎஸ் 8493, புதுசு சிஎஸ் 3451. கவர்ல 3451, உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ஃபுட்டர்ல 8493 அப்படியே இருக்கு, அதக்கூட மாத்த சோம்பேறித்தனம். கோடு மட்டும் வேறயா இருந்தா பரவால்லன்னு விட்டுடலாம், ஆனா சிலபஸே மாறியிருக்கே. பழைய அஞ்சாவது யூனிட் லினக்ஸ் கேஸ் ஸ்டடி, புதுசுல விர்ச்சுவல் மெஷின், அது கூட மொபைல் ஓஎஸ். இவன் குடுத்ததுல ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின நடத்துற சாஃப்ட்வேர்)ங்கிற வார்த்தையே கிடையாது, ஆனா லினக்ஸ் மட்டும் பக்கம் பக்கமா ஓடுது. இத நம்பி போனா அஞ்சாவது யூனிட் பதிமூணு மார்க் கேள்வில உக்காந்து லினக்ஸ் கதை எழுத வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் இன்னும் காமெடி. பழைய சிஎஸ் 8591-ல மொத யூனிட் ஃபிசிக்கல் லேயர்ல ஆரம்பிச்சு கடைசி யூனிட் அப்ளிகேஷன் லேயர்ல முடியும். புது சிஎஸ் 3591 அப்படியே தலைகீழ், மொத யூனிட்லயே அப்ளிகேஷன் லேயர், கடைசிலதான் டேட்டா லிங்க், ஃபிசிக்கல். அப்ளிகேஷன் லேயர்ல வர்ற எச்டிடிபி, டிஎன்எஸ் எல்லாம் மேம் மொத மாசத்துலயே நடத்தி முடிச்சிட்டாங்க. இந்த பேக்ல "யூனிட் 1"னு தொறந்து மொத இன்டர்னலுக்கு படிச்சா ஒரு கேள்வி கூட வராது, ஏன்னா அவங்க கேக்குற யூனிட் 1 இவன் ஃபைல்ல யூனிட் 5-ஆ உக்காந்திருக்கு.

இதெல்லாம் கூட சிலபஸ் பக்கத்துல வச்சுகிட்டு சமாளிக்கலாம்னு வைங்க. பதிலே தப்பா இருந்தா என்ன பண்றது? டூ மார்க் ஆன்சர் எல்லாம் யாரும் எழுதுன மாதிரி இல்ல, ஏதோ ஏஐ-ல கேள்விய போட்டு வந்தத அப்படியே காப்பி பண்ண மாதிரி இருக்கு, நடுவுல "நிச்சயமாக, இதோ உங்கள் விடை"ங்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வரி கூட அழிக்காம கெடக்கு. பேஜ் ரீப்ளேஸ்மென்ட்ல (மெமரி நெறஞ்சா எந்த பேஜ வெளிய தள்ளணும்னு முடிவு பண்றது) எல்லா புக்லயும் வர்ற அந்த 7, 0, 1, 2, 0, 3-ன்னு ஆரம்பிக்கிற ஸ்ட்ரிங் தெரியும்ல, மூணு ஃப்ரேம் வச்சு போட்டா ஃபிஃபோ முறைக்கு 15 ஃபால்ட் (கேட்ட பேஜ் மெமரில இல்லாத தடவை), எல்ஆர்யூவுக்கு 12, ஆப்டிமலுக்கு 9. இதுல எல்ஆர்யூ 9, ஆப்டிமல் 12னு போட்டிருக்கு. ஆப்டிமல்னு பேரே அதவிட கம்மியா எதுவும் வர முடியாதுங்கிறதாலதான், அதுக்கு போய் எல்ஆர்யூவ விட அதிகமா ஃபால்ட் வந்தா அந்த பேருக்கு என்ன அர்த்தம்? டேபிள் போட்டு ஒவ்வொரு ஸ்டெப்பா தப்பா போட்டிருக்கான், பாக்கிறதுக்கு பக்காவா இருக்கும்.

டேட்டாபேஸ்ல நடந்தது எங்க ரூம்மேட்டுக்கு. பிசிஎன்எஃப்ல (டேபிள ரிப்பீட் இல்லாம பிரிக்கிற ஒரு விதி) பிரிச்சா எப்பவுமே டிபெண்டன்சி (காலம்களுக்கு நடுவுல உள்ள தொடர்பு) பிரிசர்வ் ஆகும்னு அந்த பேக்ல போட்டிருந்தத அப்படியே இன்டர்னல்ல எழுதிட்டா. உண்மை என்னன்னா, லாஸ்லெஸ்ஸா (டேட்டா தொலையாம) எப்பவும் பிரிக்கலாம், ஆனா டிபெண்டன்சி பிரிசர்வ் ஆகும்ங்கிற கேரண்டி பிசிஎன்எஃப்ல கிடையாது, அந்த கேரண்டி தேர்ட் நார்மல் ஃபார்ம்லதான், ரெண்டுக்கும் வித்தியாசமே அதுதான். மேம் பேப்பர் குடுக்கும்போது "எந்த புக்லம்மா பாத்த, அந்த புக்க கொண்டா, நானும் பாக்கணும்"னு கேட்டாங்க. அவ என்னத்த கொண்டு போவா. இதே வரிய அந்த க்ளாஸ்ல இன்னும் சில பேர் எழுதிருந்தாங்க, அப்பதான் எத்தன பேர் வாங்கிருக்காங்கன்னே வெளிய வந்துச்சு.

லேப் மேனுவல்னு ஒண்ணு குடுத்தான். அது ஏதோ காலேஜ் பொண்ணோட ரெகார்ட், ஸ்கேன் பண்ணது. ஒவ்வொரு அவுட்புட் ஸ்கிரீன்ஷாட்லயும் அந்த பொண்ணு பேர், ரெஜிஸ்டர் நம்பர் பளிச்சுன்னு தெரியுது. அந்த பொண்ணுக்கு தன் ரெகார்ட் விலைக்கு போறதே தெரிஞ்சிருக்காது. சாம்பிள்ல பாத்தோமே முத்து கையெழுத்து, அது மொத்த பேக்லயும் அந்த மூணு பக்கம்தான், மீதி ஒரு பக்கம் கூட இல்ல.

கன்ஃபார்ம் கொஸ்டின் சமாச்சாரத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேர் அதுக்குதான் வாங்குறாங்க. பார்ட் பி-ல அஞ்சு கேள்வி, ஒவ்வொண்ணும் இது இல்லன்னா அது, பார்ட் சி-யும் அதே மாதிரி ஒண்ணு, ஆக ஒரு பேப்பர்ல பெரிய கேள்வி மொத்தமே பன்னெண்டுதான். இவன் யூனிட்டுக்கு பன்னெண்டு பதினாலுன்னு சிலபஸ்ல உள்ள ஒவ்வொரு டாபிக்கையும் கேள்வியா மாத்தி லிஸ்ட் போட்டு குடுக்கிறான். அப்புறம் எது வந்தாலும் "பாத்தீங்களா, நம்ம லிஸ்ட்ல இருந்தது"ன்னு எக்ஸாம் முடிஞ்ச சாயங்காலமே ஸ்கிரீன்ஷாட் போட்டுடுவான். சிலபஸ் பேப்பர செராக்ஸ் எடுத்து வச்சாலும் அதே 100% வந்திருக்கும், செலவு ஒரு ரூபா.

காச திருப்பி கேட்டோம். மொதல்ல சிரிக்கிற எமோஜி, அப்புறம் "நோ ரீஃபண்ட் பாலிசி சிஸ்". தப்பான ரெகுலேஷன குடுத்திருக்கீங்கன்னு ஃபுட்டர் போட்டோவோட அனுப்புனோம். அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு மெசேஜ், "நீங்க லீக் கொஸ்டின் வாங்குன ஆளு, உங்க ரெஜிஸ்டர் நம்பர், ஐடி கார்டு எங்ககிட்ட இருக்கு, பிரின்சிபலுக்கும் சிஓஈ ஆஃபீசுக்கும் மெயில் போட்டா டீபார் தான்" அப்படின்னு. அதாவது எக்ஸாம் கன்ட்ரோலர்கிட்ட சொல்லி எக்ஸாமே எழுத விடாம பண்ணிடுவானாம். ஃபார்ம் எதுக்குன்னு அப்ப புரிஞ்சுது. இங்கதான் பாதி பேர் பயந்து வாய மூடிக்கிறாங்க, அவனுக்கு வேண்டியதும் அதுதான். நாங்க அன்னைக்கே க்ளாஸ் அட்வைசர் சார்கிட்ட போய் சாட் எல்லாத்தையும் காட்டிட்டோம். அவர் ஒண்ணும் திட்டல, "வெளில நோட்ஸ் வாங்குனது எல்லாம் மால்பிராக்டிஸ் ஆகாதும்மா, ஹால்ல பேப்பர் வச்சிருந்தா தான் அது, நீங்க கம்ப்ளைன்ட் குடுங்க"ன்னாரு. அந்த மெயில் இன்னைக்கு வரைக்கும் எந்த ஆஃபீசுக்கும் வரல.

கம்ப்ளைன்ட் குடுக்க சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணலாம், இல்லன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல போடலாம். எவ்ளோ சீக்கிரம் பண்றீங்களோ அவ்ளோ நல்லது, காசு அடுத்த அக்கவுண்டுக்கு நகர்றதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு. கையில 12 டிஜிட் யூடிஆர் நம்பர் (பேமென்ட் ரெஃபரன்ஸ் நம்பர்), காசு போன தேதி நேரம், க்யூஆர்ல வந்த பேரு, சாட் ஸ்கிரீன்ஷாட் வச்சுக்கோங்க. சாட்ட மொதல்லயே எடுத்து வச்சிருங்க, டெலிகிராம்ல அவன் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து அழிச்சிட்டு போயிட முடியும், எங்களுக்கும் அதான் பண்ணான், நல்லவேளை சார்கிட்ட காட்டுறதுக்காக எடுத்து வச்சது இருந்துச்சு. கம்ப்ளைன்ட் நம்பர் வந்திருக்கு, காசு வரல. 798 ரூபாய்க்கு இவ்ளோவான்னு ஹாஸ்டல்லயே கேட்டாங்க. ஒரு ஆளுக்கு சின்ன காசுதான், அதனாலதான் யாரும் கம்ப்ளைன்ட் குடுக்க மாட்டாங்கன்னு அவன் 499 வச்சிருக்கான், 5000 வச்சிருந்தா இந்நேரம் பத்து பேர் ஸ்டேஷன்ல நின்னுருப்பாங்க.

இன்னொரு தொல்லை, அந்த ஃபார்ம்ல குடுத்த நம்பருக்கு இப்ப தெனமும் போன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடிமேடா வேணுமா, பேப்பர் பப்ளிஷ் பண்ணனுமா, இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் வேணுமா. நம்பர வித்துட்டானுங்கன்னு நெனைக்கிறேன்.

எம்.டெக் சேர எழுதுற கேட் எக்ஸாமுக்கு கேட் காம்போன்னு 1499-க்கு தனியா ஒண்ணு விக்கிறாங்க, பக்கத்து ரூம் அக்கா வாங்குனாங்க. அதுல முக்கால்வாசி என்பிடெல் லெக்சரோட டிரான்ஸ்கிரிப்ட், மீதி எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் ஸ்லைடு, லோகோ இருந்த மூலைய வெட்டிட்டு. என்பிடெல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேந்து 2003-ல ஆரம்பிச்சது, வீடியோ பாக்க அஞ்சு பைசா கிடையாது, எக்ஸாம் எழுதி சர்டிபிகேட் வாங்கணும்னாதான் ஃபீஸ். எம்ஐடி 2001-லயே எங்க கோர்ஸ் மெட்டீரியல் எல்லாம் சும்மா தரப்போறோம்னு அறிவிச்சாங்க, அதோட லைசென்ஸ்லயே வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு இருக்கு. அத வெட்டி ஒட்டி 1499-க்கு விக்கிறான். பழைய கேட் கொஸ்டின் பேப்பரும் ஆன்சர் கீயும் அந்தந்த வருஷம் எக்ஸாம் நடத்துற இன்ஸ்டிடியூட் சைட்லயே போடுறாங்க, இந்த காம்போல இருக்கிற விடைகள அந்த அஃபிஷியல் கீ பக்கத்துல வச்சு பாத்தா அங்கங்க ஒத்து வரல.

சரி அப்ப எங்க படிக்கிறதுன்னு கேப்பீங்க. சிலபஸ் பிடிஎஃப் யூனிவர்சிட்டி சைட்லயே ரெகுலேஷன் வாரியா இருக்கு, மொதல்ல அத எறக்கி யூனிட் தலைப்பு எல்லாத்தையும் நோட்டு மொத பக்கத்துல எழுதிக்கோங்க, யார் என்ன நோட்ஸ் நீட்டுனாலும் அதோட ஒப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல ரெகுலேஷன் தெரிஞ்சிடும். ஓஎஸ்-க்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்"னு ஒரு புக், எழுதுன ப்ரொஃபசர்ங்களே ஒவ்வொரு சேப்டரா நெட்ல ஃப்ரீயா வச்சிருக்காங்க, விர்ச்சுவல் மெஷின் பத்தியும் பின்னாடி ஒரு சேப்டர் இருக்கு, இங்கிலீஷும் கஷ்டமா இருக்காது. டேட்டாபேஸ், ஓஎஸ் ரெண்டுக்கும் நம்ம டெக்ஸ்ட்புக் ஆசிரியர்களோட சைட்லயே ஸ்லைடு கெடைக்குது. அதுவும் வேணாம்னா காலேஜ் செராக்ஸ் கடைல சீனியர் அக்காங்க, அண்ணனுங்க குடுத்துட்டு போன நோட்ஸ் இருக்கும், பக்கத்துக்கு ஒரு ரூபா, வாங்குறதுக்கு முன்னாடி ஃபுட்டர்ல கோடு பாத்துக்கோங்க.

கமெண்ட்ல சேனல் அட்மின் மாதிரி யாராச்சும் வந்து "எங்களோடது ஒரிஜினல், அது டூப்ளிகேட்"னு சொன்னா அவங்ககிட்ட நெட்வொர்க்ஸ் யூனிட் 1 பக்கத்த மட்டும் அனுப்ப சொல்லுங்க, போதும். அப்புறம் முக்கியமா ஒண்ணு, இந்த பதிவ பாத்துட்டு "அக்கா அதான் வாங்கிட்டீங்கல்ல, அந்த பேக்க எனக்கு ஃப்ரீயா ஷேர் பண்ணுங்க"ன்னு இன்பாக்ஸ்ல வராதீங்க, ஏற்கனவே ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு. குடுக்க மாட்டேன், அந்த பிசிஎன்எஃப் வரி இன்னும் அதுலதான் இருக்கு.