பார்லரில் தரும் பெயரில்லாத நைட் கிரீமை வாங்காதீர்கள்

அழகு நிலையத்தில் "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று சொல்லி, கம்பெனிப் பெயரோ முகவரியோ இல்லாத சிறிய வெள்ளை டப்பாவில் நைட் கிரீம் தருகிறார்களா? தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால், அடுத்த டப்பாவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஒன்றையும் விடாமல் எழுதினால்தான் யாராவது ஒருவருக்காவது "நமக்கும் இப்படித்தானே நடக்கிறது" என்று உறைக்கும்.

எனக்கு வயது 44. திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரு கன்னத்து எலும்பின் மீதும் மங்கு படர்ந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விடும் என்றார்கள், போகவில்லை. தயிர், கடலை மாவு, உருளைக்கிழங்குச் சாறு, கஸ்தூரி மஞ்சள் என்று யார் என்ன சொன்னாலும் பூசிப் பார்த்தேன். மங்கினால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. வலிக்காது, அரிக்காது. ஆனால் விசேஷ வீட்டுக்குள் நுழைந்ததும் "வா" என்று சொல்வதற்கு முன்பே "என்ன இப்படிக் கறுத்துப்போய்விட்டாய்?" என்று கேட்கிற உறவு எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் கேள்விதான் வலிக்கும்.

2024 வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அழகு நிலையத்துக்குப் போனேன். வட்ட விளக்கின் முன் உட்காரவைத்து, கைப்பேசியால் என் கன்னத்தைப் படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார் அந்தப் பெண். அவ்வளவு பெரிதாக்கினால் யாருடைய கன்னமும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. "அக்கா, இதை இப்படியே விட்டால் நெற்றிக்கும் ஏறிவிடும்" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

ஒன்று கவனித்தேன். அவர் ஒரு தடவைகூட 'சிவப்பாகிவிடுவீர்கள்' என்று சொல்லவில்லை. 'கிளோ' என்றார், 'பிரைட்' என்றார். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. வெளுப்பு என்ற சொல்லை வாயால் சொல்ல இப்போது எல்லாருக்கும் கூச்சம். ஆசையும் விற்பனையும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆறு முறை ஃபேஷியலுக்குச் சேர்த்து 9,000 ரூபாய். நைட் கிரீம் தனி, ஒரு டப்பா 1,450. பில் கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் அக்கா, உங்களுக்கு எதற்கு வீண் செலவு?" என்றார். என் பணத்தின் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று மனம் குளிர்ந்துபோனது. இன்று நினைத்தால் அடிவயிறு எரிகிறது. (2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையங்களுக்கு வரி 5 சதவீதம்தான். இனி யாராவது அந்தச் சாக்கைச் சொன்னால் ஏமாறாதீர்கள்.)

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குங்குமச் சிமிழைவிடச் சற்றுப் பெரியது, 20 கிராம் பிடிக்கும். மூடியில் பார்லரின் பூப்படம், பக்கவாட்டில் அச்சடித்த காகிதத்தில் 'நைட் கிரீம்' என்ற இரண்டு சொற்கள். என்ன சேர்த்திருக்கிறது, எங்கே செய்தது, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், ஒன்றுமே இல்லை. திறந்தால் மெல்லிய ரோஜா வாசனை, அதற்கு அடியில் மருந்துக் களிம்பின் வாசனை. பட்டாணி அளவு எடுத்து இரவில் பூச வேண்டும்.

ஐந்தாம் நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது மங்கு மங்கலாகியிருந்தது. பத்தாம் நாள் முகம் முழுக்க வெளுத்து, பளிங்குபோல் வழவழப்பாக இருந்தது. பதினைந்து ஆண்டுகள் எதற்கும் அசையாத மங்கு பத்து நாளில் கரைகிறதே என்று நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, பூரித்துப்போனேன். பள்ளி ஓய்வறையில் எல்லாரும் கேட்டார்கள். கல்யாணத்தில் அந்த உறவுக்காரப் பெண்மணியே என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து ரகசியம் கேட்டார். நான் சொன்னேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் என் பேச்சைக் கேட்டு வாங்கினார். என் அக்கா மகளுக்கு 19 வயது, முகத்தில் நான்கு பருக்கள், அவ்வளவுதான். அவளுக்கு நானே என் கையால் ஒரு டப்பா கொடுத்தேன்.

ஆனி மாதம் ஊருக்குப் போனபோது கிரீமை எடுத்துப்போக மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் கொதிக்கத் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையால் தடவியதுபோல் எரிச்சல். நாம் சிவப்பு என்று சொல்வது வெளுப்பைத்தானே, எனக்கு வந்தது இரத்தச் சிவப்பு. அடுப்பில் தோசைக்கல் காய்ந்தால் அதன் முன் நிற்க முடியவில்லை. திருச்சிக்கு வந்து மறுபடி பூசிய அன்றிரவே எரிச்சல் அடங்கியது. பார்லரில் சொன்னேன். "பார்த்தீர்களா, இதை விடவே கூடாது அக்கா" என்று அடுத்த டப்பாவை நீட்டினார். கூடவே 'பீல்' என்று ஒன்று, ஒரு தடவைக்கு 2,500, இரண்டு தடவை செய்தார். அதற்குள் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு இழைகள் தெரிந்தன. தாடையில் பருக்கள் கிளம்பின. காதோரத்திலும் மேலுதட்டிலும் பூனை முடி அடர்ந்தது. பூனை முடிக்குத் தனியாகக் கட்டணம் சொன்னபோதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

ஆகஸ்டில் தோல் மருத்துவரிடம் போனேன். நான் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முன்பே "என்ன கிரீம் பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். டப்பாவை எடுத்து வைத்தேன். முகர்ந்து பார்த்து மூடிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினார். "இதில் இந்தக் கோடு தெரிகிறதா அம்மா? மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம்." நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பார்லரில் முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில், கடைசித் துளிவரை பிதுக்கித் தட்டையாக்கிய குழாய்கள் ஏழெட்டுக் கிடந்தன. யாருக்கோ படை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக்கடையில் அந்தக் குழாய் நூறு ரூபாய்கூட ஆகாது.

மருத்துவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். அது ஸ்டீராய்டு களிம்பு. படை, கரப்பான் போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை பூசினால் நல்ல மருந்து. முகத்தில் பூசினால் தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் முகம் உடனே வெளுத்துத் தெரியும். நிறம் தரும் செல்களின் வேலையும் குறையும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் முன்பைவிட விரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து நாமே மறுபடி டப்பாவைத் தேடுவோம். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2008-லேயே இந்த முகத்துக்குத் தனிப்பெயர் வைத்துவிட்டார்களாம், அவ்வளவு பேர் வருகிறார்கள். 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டம் மருந்துக்கடைக்கு. டப்பா மாற்றி ரோஜா வாசனை ஏற்றிவிட்டால் அது மருந்து என்று யாருக்குத் தெரியும்?

அவர் இன்னொன்றும் கேட்டார்: "சிறுநீர் நுரைத்துப் போகிறதா? காலில் வீக்கம் உண்டா?" எனக்குப் புரியவில்லை. இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்குமாம். அதுவும் நிறத்தைக் குறைக்கும், ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, சிறுநீரில் புரதம் இறங்கும் அரிதான ஒரு வகைக் கோளாறு 15 பேருக்கு இருந்தது. அவர்களில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது அப்போதுதான். சிறுநீர், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு இரவு நான் தூங்கவில்லை. நல்லவேளை, எனக்கு ஒன்றும் இல்லை.

பார்லருக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். "நூறு பேர் பூசுகிறார்கள், உங்கள் உடம்புக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் உரிமையாளர். அதுவரை 'அக்கா' என்று அழைத்த பெண் அன்று 'மேடம்' என்றார். என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். மூலிகை என்றார்கள். குப்பைக் கூடையைக் காட்டலாம் என்று பார்த்தேன், அது காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வரவு செலவு நோட்டை எடுத்தேன். இருபது ஆண்டுகளாகப் பால் கணக்கு முதல் எழுதுகிறவள் நான். இந்தச் செலவை மட்டும் 'இதர செலவு' என்று எழுதியிருந்தேன், கணவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஃபேஷியலுக்கு 9,000, ஏழு டப்பாவுக்கு 10,150, பீல் 5,000, முகம் கழுவும் திரவமும் சன்ஸ்கிரீனும் 1,380. ஆகமொத்தம் 25,530. அதைச் சரிசெய்ய மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை என்று இன்னும் 7,910. கூட்டினால் 33,440 ரூபாய். மகனின் விடுதிக்கு ஒரு பருவத்துக்குக் கட்டும் பணத்தைவிட அதிகம். புடவை வாங்கினால் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கிற நான், முகத்துக்கு என்றதும் எதையுமே கேட்கவில்லை. பார்லர் நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் துண்டு போட்டிருக்கும்போது கேள்வி கேட்க எந்தப் பெண்ணுக்கும் கூச்சமாக இருக்கும். அவர்கள் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் விலை வைக்கிறார்கள்.

நீங்களாவது கேளுங்கள். முறைப்படி செய்த அழகுப் பொருளின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். டப்பா மட்டும் தனியாகத் தந்தால் அட்டைப்பெட்டி எங்கே என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் வெளுத்தால் சந்தோஷப்படாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். பல மாதமாகப் பூசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்து எரிச்சலில் தவிக்க வேண்டாம், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். எனக்கு வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றிப் படிப்படியாகத்தான் நிறுத்தினார்.

டப்பாவை எறியாதீர்கள், அதுதான் சாட்சி. எனக்கு ரசீது இல்லை. ஆனால் மூன்று தடவை கூகுள் பேயில் கொடுத்த பணத்தின் பதிவும், "அக்கா, கிரீம் தீர்ந்திருக்குமே" என்று மாதாமாதம் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழிகேட்க 1915 என்ற எண்ணை அழைக்கலாம். மிச்சக் கிரீமுடன் ஒரு டப்பாவை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துமூலமான புகாரோடு ஒப்படைத்தேன்.

என் முகம் முக்கால்வாசி தேறிவிட்டது. சிவப்பு இழைகள் வெயிலில் இன்னும் தெரிகின்றன. மங்கு பழைய இடத்துக்கே, முன்பைவிடக் கொஞ்சம் கறுப்பாக வந்துவிட்டது. என்னைப் பார்த்து வாங்கிய ஆசிரியையிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மகளுக்கு நான்கு பரு இருந்த இடத்தில் கன்னம் முழுக்கப் பருக்கள். கல்லூரிக்குத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள். மருத்துவரிடம் அவளை நான்தான் மாதம் ஒரு முறை அழைத்துப்போகிறேன். "விடுங்கள் சித்தி, நீங்கள் தெரிந்தா கொடுத்தீர்கள்?" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்க முடிவதில்லை.

இன்னும் ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னை வட்ட விளக்கின் முன் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். பொங்கலுக்கு எடுத்த படத்தின் பாதியையும் இதன் பாதியையும் ஒட்டி, கண்ணை மறைத்து, விளம்பரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன், எடுக்கவில்லை. இடப்பக்கம் மங்கு, வலப்பக்கம் பளிங்கு, கழுத்தில் பவழமாலை. திருச்சிப் பக்கம் யார் கைப்பேசிக்காவது அந்தப் படம் வந்தால், அது நான்தான். வைகாசியில் எடுத்த படம் அது. ஆகஸ்டில் இருந்த முகத்தை அவர்கள் படம் எடுக்கவில்லை.